அத்தைக்கு முன்னால் ஓடிய நாய்

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில்தான் மேனேஜரும் கிளம்பினான். நான் ரயிலில், அவன் மாநகராட்சியின் நாய் வண்டியில். தையல் கடைப் படியில் படுத்தபடி, துணியோடு வருபவர்களை ஒற்றைக் கண் திறந்து பார்த்து உள்ளே அனுப்பும் பழுப்பு நாய் அவன். வலை போட்டு அவனைப் பிடித்தவள் என் அத்தை.

அத்தையின் பிழைப்பே அதுதான். பிடிக்கிற நாய்களுக்கு மேற்கொண்டு பெருகாதபடி அறுவை செய்வார்கள், வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள், அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக வெட்டுவார்கள். பிறகு பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடவேண்டும். தெரு மாறினால் அங்குள்ள நாய்கள் புதியவனைக் கடித்துக் குதறிவிடும். அதனால் பிடித்த கையோடு தெருப்பெயர் எழுதிய வில்லையைக் கழுத்தில் கட்டுவாள். அன்று என்னை வழியனுப்பும் அவசரத்தில், முந்தைய தெருவின் வில்லையை மேனேஜருக்குக் கட்டிவிட்டாள். அறுவை முடிந்ததும், வில்லையைப் பார்த்து வண்டி டிரைவரும் அவனை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

“என்னம்மா, என் மேனேஜரை எங்க டிரான்ஸ்பர் பண்ணிட்ட?” என்று தையல்காரர் கேட்டபோதுதான் அத்தைக்கு உறைத்தது. அவருக்கு முழங்கால் வலி. பாலம் ஏற முடியாது. தேட அத்தை ஒருத்திதான் இருந்தாள். அவனுக்கோ உலகத்திலேயே பிடிக்காத ஒருத்தி அவள்தான்.

அவனுக்கு மட்டுமல்ல. அவள் வாசனை நகரத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். அவள் தெருமுனையில் திரும்பினாலே குரைப்பு கிளம்பும். அதைக் கேட்டுத்தான் மாமா டீக்குத் தண்ணீர் வைப்பார். பின்னாளில் நான் ஊர் திரும்பிய பிறகும் அது மாறவில்லை.

“லாரிக்கு அடியில படுத்திருக்கான்டி. முதுகெல்லாம் கடி. ரொட்டியக் காட்டிக் கூப்பிட்டா, பேயைக் கண்ட மாதிரி ஓடறான்” என்றாள் போனில்.

“வலை போட்டுப் பிடிங்களேன், அத்தை.”

“ஒருதடவை வலையில விழுந்தவன் மறுபடி விழுவானா? அவன் என்ன உன் மாமாவா?”

அப்புறம் நான் ஊர் ஊராக அலைந்தேன். பேச்சு குறைந்துபோனது. பெயர் வாயில் நுழையாத ஊர்களில், அரைத் தூக்கத்தில் தூரத்து நாய்க்குரல் கேட்கும். தெருவிளக்குகள் மிதக்கும் பனிக்குள் அத்தை வெறுங்கையோடு நடந்துகொண்டே இருப்பாள். முன்னால் ஒரு பழுப்பு நிறம் கரைந்து கரைந்து போகும். விழித்தால் அது எந்த ஊர் என்று விளங்கச் சற்று நேரமாகும்.

எத்தனையோ மாதம் கழித்து, ஒரு ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது அத்தையின் குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள்.

“கண்ணு, என்னைப் பாத்தா ஓடறான்ல, ஓடட்டும்னு விட்டுட்டேன். விடியக்காலம் ஒரே பனி. வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு அவனுக்குப் பின்னாடி போய் நின்னேன். எந்திரிச்சு ஓடினான். ஒவ்வொரு முனையிலயும் அவன் போகக்கூடாத பக்கமா நான் போய் நிப்பேன். அவன் மத்த பக்கம் ஓடுவான். இப்படியே பாலத்து மேல வந்துட்டோம். அங்க பனியில அவனும் தெரியல, ஆத்துத் தண்ணியும் தெரியல. நகம் தரையில தட்டற சத்தம் மட்டும் முன்னாடி போயிட்டிருந்துச்சு. இறங்கினதும் நின்னு மோந்து பாத்தான். அப்புறம் நான் துரத்தவே வேண்டியிருக்கல. இப்ப கடைப் படியில நின்னுக்கிட்டு என்னையே குரைச்சு விரட்டறான். இந்தா, கேளு.”