நல்ல நேரத்தில் வைத்த வாசக்கால்

சங்கராபுரத்தில் வீடு கட்ட, லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டராகத் தேடிப் பிடித்தோம். வாசக்கால் வைக்கும் நாளன்று அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வரத் தாமதமானது. "கொஞ்சம் இருங்கம்மா, லெவல் பாத்துட்டு வெக்கலாம்" என்று போனில் சொன்னார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடமே இருந்தது. "நீங்க வைங்க" என்று காத்திருந்த மேஸ்திரியிடம் சொன்னது நான்தான்.

காண்ட்ராக்டர் வந்ததும் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தார்.

"ரோட்ட விட கீழ கீதும்மா. வாசக்கால எடுத்துட்டு, பேஸ்மட்டத்த ஏத்தி வெச்சிடலாம்."

என் மாமியார் குறுக்கே வந்து நின்றார். "பூஜ போட்டத புடுங்குவியா? வூடு வெளங்குமா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். வாசக்கால் அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது கல்வராயன் மலைப் பக்கம் வானம் கருத்தாலே நான் மணல் சாக்கைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன். ரோட்டுத் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் வருகிறது. சாக்கை அடுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

என் தங்கை வீடு கட்டப் போகிறாள். காண்ட்ராக்டர் மட்டம் பார்த்து முடித்த பிறகு நாள் குறி என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நானோ, மழைக்கால வெள்ளிக்கிழமைகளில் முதலில் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, அதே வாசக்காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறேன்.