மெஷின் சொன்ன நட்சத்திரம்

என் அண்ணனுக்கு அந்தக் கம்ப்யூட்டர் மீது இருந்த பாசம் அண்ணி மீதுகூட இருந்ததில்லை. எண்பதுகளின் நடுவில், மேல மாசி வீதியில் ஒரு மாடியறையைப் பிடித்து 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டினான். கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள் நாலைந்து இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான் கம்பெனி, மற்றதெல்லாம் தகர டப்பா. வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். ஜோசியருக்குத் தலைவலி வரும், ஆள் பார்த்து எழுதுவார், மெஷினுக்கு அதெல்லாம் கிடையாது என்பான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததும் அதை நம்பித்தான்.

நாலைந்து வருஷம் கழித்து எனக்கு வரன் வந்தபோது, என் ஜாதகத்தையும் அதில்தான் அடித்துக் கொடுத்தான். மகம் நட்சத்திரம். மாப்பிள்ளை டி. கல்லுப்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து வாத்தியாரானவர். பெண் பார்க்க வந்த அன்று காபியில் மிதந்த ஆடையை யாருக்கும் தெரியாமல் விரலால் ஒதுக்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பொருத்தமும் பார்த்தாகிவிட்டது, பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி.

பெண் வீட்டார் கொடுக்கும் ஜாதகத்தை மாப்பிள்ளையின் தாய்மாமன் சத்தமில்லாமல் சரிபார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தத் தாய்மாமன் கெட்டிக்காரர். சித்திரை வெயிலில், அண்ணன் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து, அவன் கடைக்கே போனார். அங்கே டைப் அடிக்கும் பெண்ணிடம் நான் பிறந்த தேதியையும் நேரத்தையும் சொன்னார். மெஷின் ஆயில்யம் என்று அடித்துக் கொடுத்தது. ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சாயங்காலமே எங்கள் வில்லாபுரம் வீட்டுக்கு வந்து இரண்டு தாள்களையும் அப்பா முன்னால் வைத்தார். ஜோசியர் கையால் எழுதின என் பழைய ஜாதகத்தை அம்மா எடுத்து நீட்டினாள். அதிலும் மகம்தான். கையால் எழுதினது ஆள் பார்த்து எழுதினதாக இருக்கலாம் என்றார் தாய்மாமன். ஊருக்கு அந்த நினைப்பை ஊட்டியவனே என் அண்ணன்தானே. காலையில் வருகிறேன், நிஜத்தைச் சொல்லுங்கள் என்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அண்ணனும் நானும் கடைக்கு ஓடினோம். அவன் என் விவரத்தைத் தட்டினான். ஆயில்யம். மறுபடியும் ஆயில்யம். மெஷின் மேல் கை வைத்தேன், தோசைக்கல்லாகக் கொதித்தது. அணைத்துவிட்டு ஃபேனைத் திருப்பி வைத்துக் காத்திருந்தோம். ஆறின பிறகு தட்டினால், மகம். அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். போன கோடைகளில் எத்தனை பேருக்கு எதை அடித்துக் கொடுத்தோமோ என்ற பயம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் உண்மையைச் சொல்லிவிடுவான், என் கல்யாணம் நடந்துவிடும் என்று நிம்மதியாகவே வீடு திரும்பினேன்.

காலையில் தாய்மாமன் வந்தார். நான் அடுப்படிக் கதவோரம் நின்றேன். மெஷினில் ஏதும் கோளாறா என்றுதான் முதலில் கேட்டார். நல்ல மனிதர், அவரே வழி விட்டார்.

அண்ணன் நிமிரவேயில்லை. "மெஷின் தப்புச் சொல்லாதுங்கய்யா. நாந்தான் தங்கச்சிக்காக மாத்தி அடிச்சுட்டேன்."

அப்பா அவனை அடிக்கக் கை ஓங்கினார். தங்கைக்காகப் பொய் சொன்னவனை ஊர் கொஞ்ச நாளில் மன்னித்துவிடும். தப்பாகச் சொல்லும் மெஷினைத் தேடி யார் படியேறுவார்கள்? அவன் போட்ட கணக்கு எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் கத்தவாவது செய்திருப்பேன். பக்கத்தில் அண்ணி, இடுப்பில் குழந்தையோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய்மாமன் எழுந்தார். வாசல் வரை போனவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஒம்மேல கோவமில்ல தாயி. எனக்கு எங்க அக்கா உசுரு முக்கியம்ல."

நான் சரி என்று தலையாட்டினேன்.