குணத்தின் கைகளும் என் பௌதிகமும்

இரண்டு கிழமைக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை நான் பேஸ்மென்றில் இருந்தபோது, மனைவி படியில் பாதி இறங்கி நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா உதுக்குள்ள இருந்து மீனே கழுவுறியள்?"

நான் கழுவியது மீன் இல்லை. என் கையில் ஈயம் பற்றவைக்கும் கோல். முன்னால் மேசையில், தொண்ணூறுகளில், வீட்டு வாசலில் பழசு விற்கும் கராஜ் சேல் ஒன்றில் வாங்கிய கையடக்க விளையாட்டுப் பெட்டி வயிறு திறந்து கிடந்தது. பொழுதுபோகாத கிழவன் பழைய சாமான்களைத் திருத்தப் புறப்பட்டால் இப்படித்தான். பெட்டியின் பழுதுக்குக் காரணம் கப்பாசிற்றர்கள் என்று இணையத்தில் ஒருவர் விளக்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த காலத்தில் அதைக் கொள்ளளவி என்று சொல்லி, கரும்பலகையில் இரண்டு கோடுகள் கீறிக் காட்டுவேன். அந்த இரண்டு கோடுகளுக்கு அப்பால் எனக்கும் அதற்கும் பழக்கமில்லை. நேரில் பார்த்தால் மிளகு பருமனில் சின்னத் தகர டப்பா. உள்ளே ஒரு திரவம். வயது போனால் அது கசிந்து பலகையை அரிக்குமாம். கசிந்த இடமே மீன் மணக்குமாம், சூட்டுக்கோல் பட்டால் அழுகின மீன் மணக்குமாம்.

மணந்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குணம் நினைவுக்கு வந்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடியில் நாங்கள் மூன்று பேர். நான், சிவா, குணம். எங்கள் கட்டடத்தில் லிப்ற் கதவு திறந்ததும் வாசத்தை வைத்தே மாடியைச் சொல்லிவிடலாம். ஐந்தில் வெங்காயம் வதங்கும், எட்டில் யாரோ எந்த நேரமும் மிளகாய் வறுப்பார்கள். நாங்கள் மூவரும் ஊரில் இருந்த குடும்பங்களை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் நிரப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், முப்பத்தைந்து தாண்டிய மூன்று ஆண்கள், பிள்ளைகளின் இந்த விளையாட்டுப் பெட்டிக்காகச் சண்டை பிடித்தோம். நிறத் திரை, ஆறு பற்றரி. ஒரு மாலைக்கு மேல் தாங்காது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: அன்றைக்குச் சமைத்தவனுக்கே முதல் ஆட்டம். சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாத சிவா மூன்றே நாளில் பருப்புக் கறி பழகினான். அந்தப் பருப்பை எப்படி விழுங்கினோம் என்பது வேறு கதை.

குணம் மீன்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி மீன் வெட்டிக் கழுவுவான். வீட்டுக்கு வந்ததும் ஒரு தேசிக்காயைப் பிளந்து, புளிச்சாறு வடிய இரண்டு கையிலும் தேய்ப்பான். உப்புப் போட்டுக் கழுவுவான். விரல்களைத் தானே மணந்து பார்ப்பான். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தொடுவான். எங்களில் அவன்தான் நல்ல விளையாட்டுக்காரன். நான் இரண்டாம் கட்டத்தில் விழுந்து சாகும்போது அவன் ஏழாவதில் நிற்பான். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் திரை மங்கத் தொடங்கியது. சத்தம் நுளம்பின் ரீங்காரம் போலத் தேய்ந்தது. ஒரு கிழமைக்குள் பெட்டி படுத்துவிட்டது. படித்தவன் என்ற உரிமையில் நானே திறந்தேன். குப்பென்று மீன் மணம்.

"குணம், உது உம்மடை கையால வந்த வினை. மீன்தண்ணி உள்ளுக்கு இறங்கியிருக்கு."

"அண்ணை, நான் தேசிக்காய் தேய்ச்சுக் கழுவிப்போட்டுத்தானே தொடுறனான்."

"உப்பும் ஈரமும் செம்பை அரிக்கும். பௌதிகம் படிப்பிச்ச எனக்கே நீர் சொல்லித் தாறீர்?"

நான் சொன்னது பௌதிகமே இல்லை, இரசாயனம். அதைச் சுட்டிக்காட்டவும் அந்த வீட்டில் ஆள் இருக்கவில்லை.

"இனி இவர் விளையாடுறதெண்டா ரண்டு கையிலயும் சொப்பிங் பை கட்டிப்போட்டுத்தான்!" என்றான் சிவா.

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குணமும் சிரித்தான். சிரித்தபடியே கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். அதன்பின் அவன் ரீவி ரிமோட்டைக்கூடத் தொடவில்லை. "சனலை மாத்திவிடுங்கோ அண்ணை" என்று எங்களைத்தான் கேட்பான். அடுத்த மாதம் ரெக்ஸ்டேல் பக்கம் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான்; பழுதான பெட்டி என்னிடமே தங்கியது. கலியாண வீடுகளில் கண்டால் கதைப்போம். அந்தக் கதையை மட்டும் எடுத்ததில்லை.

இந்தமுறை கப்பாசிற்றர்கள் எல்லாவற்றையும் மாற்ற எனக்கு நாலு நாள் பிடித்தது. ஒன்றைத் தலைமாறிப் பூட்டி, கழற்றித் திரும்பப் பூட்டினேன். கோல் பட்டு விரலிலும் ஒரு சூடு. கடைசியில் திரை பளிச்சென்று எரிந்தது. நான் படித்த பௌதிகம் வாழ்க்கையில் முதன்முதலாக எதற்கோ உதவியது. அந்தச் சந்தோசத்தோடேயே குணத்துக்குப் போன் எடுத்தேன். அவன் இப்போது ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறான்.

"குணம், அந்த மீன் மணம் உம்மடை கையில இருந்து வரேல்லை. உள்ளுக்க கப்பாசிற்றர் ஒழுகியிருக்கு. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"உதுக்கே எடுத்தனீங்கள்? நான் ஆரோ செத்துப்போச்சினமெண்டு பயந்துபோனன்." பெரிதாகச் சிரித்தான். பிறகு, "நான் அதை நம்பினனான் அண்ணை. நீங்கள் படிச்ச மனுசன். என்ரை பிள்ளையளும் பிறகு உப்பிடியொண்டு வைச்சிருந்தவை. வந்து விளையாடுங்கோ அப்பா எண்டு நெடுகக் கூப்பிடுவினம். நான் தொட்டாப் பழுதாப்போயிடுமெண்டு தள்ளியிருந்து பாத்துக்கொண்டிருப்பன்" என்றான்.

"ஞாயிற்றுக்கிழமை வாரும்" என்று மட்டும் சொன்னேன்.

வந்தான். தலை முழுக்க நரை. ஆனால் கட்டைவிரல்கள் எதையும் மறக்கவில்லை. நான் வழக்கம்போல இரண்டாம் கட்டத்தில் செத்தேன். அவன் ஏழைத் தாண்டினான். மனைவி கைதட்டினாள். அவன் விளையாடுவதை அவனுடைய போனிலேயே நான் படம் எடுத்தேன். உடனேயே அதைத் தன் பிள்ளைகளுக்கு அனுப்பினான். மகள் கல்கரியில் வேலை, மகன் ஒட்டாவாவில். மகளிடமிருந்துதான் முதலில் பதில் வந்தது. சத்தமாக வாசித்தான்.

"அப்பா, உங்களுக்கு கேம் விளையாடத் தெரியுமா? உங்களுக்குப் பிடிக்காது எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்."

குணம் ஒற்றை விரலால் ஏதோ எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான், அதையும் அழித்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டியை என்னிடம் நீட்டினான்.

"இந்தாங்கோ அண்ணை, இப்ப உங்கடை முறை."