பைய அழச் சொன்ன அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி அத்தான் இந்தச் சிறு மலரை அச்சிட்டு வழங்குகிறார்கள். இதில் எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் அத்தான் என்னிடம்தான் வந்தார்கள். "மத்தவங்கள எழுதச் சொன்னா அழுதுகிட்டே கெடப்பாங்க மாப்ள. நீதான் அழாம எழுதுவ" என்றார்கள். அது பாராட்டா, குறையா என்று நான் கேட்கவில்லை. உடன்பிறந்த தம்பி என்ற முறையில் ஒப்புக்கொண்டேன்.

அக்கா பிறந்தது சேரன்மகாதேவியில். அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார்கள். அன்று அக்கா வாய்விட்டு அழுதபோது அப்பா "மூச்!" என்று ஓர் அதட்டல் போட்டார்கள். அழுகை பாதியில் நின்றது. அப்பா கொடுமைக்காரர் அல்லர். எங்களுக்காக மறுமணம் செய்துகொள்ளாமல் இருந்தவர். அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதட்டினால் நிற்கிறது, நின்றால் சரியாகிவிட்டது என்று நினைத்தார். அந்த வீட்டில் அக்கா வாயை மூடிக்கொண்டு அழப் பழகினார்கள். நான் அதற்கும் ஒருபடி மேலே போய் அழாமலே இருக்கப் பழகினேன்.

எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அப்பாவுக்கும் எனக்கும் சமைத்துப் போட்டு, என்னைப் படிக்க வைத்து, அதன் பிறகே கல்யாணம் செய்துகொண்டு திருநெல்வேலி டவுணுக்குப் போனார்கள். அத்தானுக்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடைக்குப் பின்பக்கத்துச் சந்தில் வீடு. இரண்டு ஆண் பிள்ளைகள். வருமானம் போதாத வருஷங்கள் உண்டு. அந்த வருஷங்களைப் பற்றி அக்கா யாரிடமும் பேசியதில்லை.

நினைவு மலர் என்பதற்காகக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அக்காவுக்குச் சக்கரை நோய் இருந்தது. அல்வாவும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்தால், "கையில ஒட்டுனத நக்குனேன்லே, அதுக்குப் போயி..." என்பார்கள். அத்தானைப் பேசவிட மாட்டார்கள். டவுண் பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரிடம் சண்டை போட்டு, இறங்கும்போது அவர் பிள்ளைகளை விசாரித்துவிட்டு வருவார்கள்.

இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. அக்கா வீட்டுக்கு அடுத்த சந்திலேயே வீடு பிடித்தோம். என் மகள் சுபாவை இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். சேர்ந்த சில நாளிலேயே அவளுக்குக் காலையில் வாந்தி வரத் தொடங்கியது. சீருடையைப் போட்டால் வாந்தி, ஜடை பின்னினால் அழுகை. வாசலுக்குக் கூட்டிவந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகம் நீலம் பாரிக்கிற அளவுக்குக் கத்துவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் இல்லை. டாக்டர் வயிற்றில் கோளாறு இல்லை என்றார். கெஞ்சினோம், மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம், கடைசியில் அடித்தும் பார்த்தோம். அந்த வாரமும் சரியாகவில்லை என்றால் அவளைச் சென்னையில் மாமனார் வீட்டில் விட்டுவிடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். எங்களுக்கு ஒரே பிள்ளை. அந்த முடிவை எடுத்த பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவில்லை.

அப்படி ஒரு காலையில் நான் கையை ஓங்கிய நேரம் அக்கா உள்ளே வந்தார்கள். கையில் மஞ்சள் பை, அதில் முருங்கைக்காய்.

"ஏலே, நீ கொஞ்சம் அங்கன போயி நில்லு" என்று என்னை வாசலுக்கு அனுப்பினார்கள். சுபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். அழாதே என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன்.

"அழு ஏட்டி. பைய அழு. ஒண்ணும் அவசரமில்ல. அழுது முடிச்சிட்டுப் பைய சொல்லு."

எங்கள் பக்கத்தில் 'பைய' என்றால் மெதுவாக என்று பொருள். சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கேவலுக்கு நடுவே அவள் அக்காவின் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தாள்.

"பை கிட்டயா சொல்லணும்?"

வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. ஒரு கணம் யோசித்தார்கள். முருங்கைக்காயைத் தரையில் கொட்டினார்கள். பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்கள்.

"ஆமா, பை கிட்டத்தான். அது யார்கிட்டயும் போயிச் சொல்லாது. சும்மா சொல்லு."

சுபா முகத்தை உள்ளே விட்டாள். முதலில் ஒரு கத்தல். பிறகு ஏதோ பேச்சு, எங்களுக்குக் கேட்காத பேச்சு. பிறகு மூச்சு மட்டும். பையின் துணி உப்பி உப்பி வற்றியது. வரவர அதன் வேகம் குறைந்தது.

"இன்னும் இருக்கா?" என்றார்கள் அக்கா.

"இருக்கு."

"அப்ப அதையும் போடு."

எல்லாம் முடிந்ததும் பையின் காதுகளை முடிச்சுப் போட்டுச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்கள். "இது இங்கனயே கெடக்கட்டும். சாயங்காலம் வந்து என்ன மிச்சம் இருக்குன்னு பாப்போம். இப்ப போயிட்டு வா." சுபா ஆணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனாள்.

மாலையில் அக்கா சொன்னபடி வந்து முடிச்சை அவிழ்த்தார்கள். சுபா கையை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு, வெறும் கையை வெளியே எடுத்துச் சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் டீச்சர் இவளைப் பலகையில் எழுதக் கூப்பிட்டிருக்கிறார். தடுக்கி விழுந்துவிடாமல் வரட்டும் என்று, "பைய வாட்டி" என்றிருக்கிறார். இவள் திரும்பிப் போய்ப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் 'பை' என்றே பெயர். வாந்திக்கு இதுதான் காரணம். அவள் அம்மாவும் நானும் எத்தனையோ முறை கேட்டும், "சொல்லுறியா, இல்லையா" என்று கேட்டதால் அது வெளியே வரவில்லை.

அக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தார்கள். சுபாவும் என்ன ஏது என்று தெரியாமல் கூடவே சிரித்தாள். பிறகு அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். "நாளைக்கி எவளாச்சும் பைன்னு கூப்பிட்டா, பைய திரும்பிப் பாரு. வெடுக்குன்னு திரும்பாத. அதுலயே அவளுக்குச் சலிச்சுப் போயிரும்."

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. வாந்தி இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் பையில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சென்னைப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

செய்தி சந்தில் பரவியது. பரீட்சைக்குப் பயந்து சாப்பிடாமல் கிடந்த பிள்ளை, தம்பி பிறந்ததும் எல்லாரையும் கடிக்கத் தொடங்கிய பிள்ளை என்று ஒவ்வொருவராக அக்கா வீட்டுக்கு வந்தார்கள். கூடத்துச் சுவரில் ஆணி கூடிக்கொண்டே போனது. கடையிலிருந்து மஞ்சள் பை கொண்டுவர வேண்டிய அத்தானுக்குத்தான் சங்கடம். "ஜவுளி எடுக்காம பையை மட்டும் எடுத்துட்டுப் போறானேன்னு மொதலாளி பாக்காரு" என்று புலம்பினார்கள். ஆனாலும் கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

எனக்கு இதில் முழு நம்பிக்கை வந்ததில்லை. ஒரு நாள் அக்காவிடம் சொன்னேன்: "இதென்ன கூத்து? ரெண்டு போட்டா வாய மூடிட்டுப் போகுது."

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நிமிரவில்லை. "போட்டா வாய் மூடும்லே. நீயும் நானும் மூடுனோம்லா. உள்ள இருந்தது எங்க போச்சு?"

 

பை எல்லாவற்றையும் தாங்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற தகப்பனுடைய பெண் ஒருத்தி அந்தச் சந்தில் இருந்தாள். அவளிடம் பையைக் கொடுக்கவே இல்லை. சோறு போட்டு, அத்தானை அந்த வீட்டுக்கு அனுப்பி, தகப்பன் தெளிந்த பிறகே அவளைக் கூட்டிப்போய் விட்டார்கள். "அவ அழுறது அவ மனசுல உள்ள கோளாறா? அங்கன போயில்லா சரி பண்ணணும்" என்றார்கள்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மூச்சு வாங்கும். பக்கத்துப் படுக்கைக் குழந்தை ஊசிக்குக் கத்தினால் மட்டும் எப்படியோ குரல் வரும்: "பைய அழு ராசா." நான் கடைசியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போதும், "ஓடாதலே, பைய போ. அடுத்த பஸ் வரும்" என்றார்கள். மறுநாள் காலையில் போய்விட்டார்கள்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு முறைவைத்துச் சோறு கொண்டுவந்த சந்து வீட்டுக்காரர்களுக்கும், கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்த அத்தானின் கூட்டாளிகளுக்கும், தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் எங்கள் நன்றியைச் சமர்ப்பிக்கிறோம். அக்காவின் பையில் அழுது வளர்ந்து, அன்றும் வந்து சேர்ந்து அழுத அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா போன அன்று எல்லா ஊர்களுக்கும் போன் பேசியது, வண்டிக்குச் சொன்னது, மாலை வாங்கியது எல்லாம் நான்தான். அதனால் அழாதது யார் கண்ணிலும் படவில்லை. ஆற்றங்கரையில் காரியம் முடிந்து, குளித்து, ஈர வேட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தேன். சுபா வந்தாள். இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஆணியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து, வாயை விரித்து, என் முன்னால் பிடித்தாள்.

"பையப்பா" என்றாள்.

எந்தப் பொருளில் சொன்னாள் என்று கேட்கவில்லை. வாங்கி முகத்தை உள்ளே விட்டேன். அம்மா இறந்த நாளிலிருந்து உள்ளதெல்லாம் அதற்குள் வந்தது.

வெகுநேரம் கழித்து வெளியிலிருந்து கேட்டாள்: "இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.