எழுபது கவுண்ட்

வெள்ளாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் எனக்கு ஒரு இறால் குட்டை இருக்கிறது. அடுத்த குட்டை என் தங்கை வீட்டுக்காரருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கரை. ஆனாலும் குட்டையில் இறால் வளர்கிற மாதங்களில் அவர் என் பக்கம் கால் வைக்கமாட்டார், நான் அவர் பக்கம் வைக்கமாட்டேன். கால் வழியாக நோய் போய்விடும் என்று பயம். காக்கா ஒரு குட்டையிலிருந்து இறாலைக் கவ்வி இன்னொன்றில் போட்டுவிடக் கூடாதென்று மேலே நூல் கட்டியிருப்போம். காக்காவுக்கே அனுமதி இல்லாத இடத்தில் மாப்பிள்ளைக்கு எங்கே இருக்கும்? பேச வேண்டுமானால் போன்தான். கண்ணுக்கெதிரே நின்றுகொண்டு போனில் பேசும் மச்சான் மாப்பிள்ளையை எங்கள் பக்கத்தில்தான் பார்க்கலாம்.

மாப்பிள்ளை பல வருஷம் மஸ்கட்டில் லாரி ஓட்டியவர். சேர்த்ததையெல்லாம் குட்டையில் போட்டார். முந்தைய வருஷம் வைட் ஸ்பாட் நோய் வந்து மொத்தமும் போனது. “இந்த போகம் மட்டும் கைகுடுத்தா போதும் மச்சான், திரும்ப பிளைட் ஏறமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா என்று ஒரு ஆள் வீட்டில் இருப்பது அவர் மகளுக்கு அப்போதுதான் பழகியிருந்தது.

எங்கள் தொழிலில் எல்லாமே கவுண்ட். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அது கவுண்ட். எழுபது நின்றால் பொடிசு, நாற்பது நின்றால் நல்ல உருப்படி. தினமும் காலையில் இறால் வாங்கும் ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் ரேட் போடுவார். அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அமெரிக்காவில் எவனோ இறால் தின்பதைக் குறைத்தால் பரங்கிப்பேட்டையில் நாங்கள் கறி எடுப்பது குறையும். இதைப் பொருளாதாரம் என்கிறார்கள். எனக்கு வாயில் வேறு வார்த்தை வருகிறது.

என் குட்டை எழுபது கவுண்டில் இருந்தபோது மனைவிக்கு உதிரப்போக்கு நிற்கவேயில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று சிதம்பரத்தில் டாக்டர் சொன்னார். “முடியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க தங்கச்சிகிட்டகூட” என்றாள் மனைவி. பத்து நாள் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் குட்டையை யார் பார்ப்பது? நாலு வேளை தீனி போட வேண்டும். கரண்ட் போனால், தண்ணீரில் காற்றடிக்கும் மோட்டார் நின்றுவிடாமல் அந்த நிமிஷமே ஜெனரேட்டரைத் தட்ட வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்கலாம் என்றால் அவர் கரையைத் தாண்டக் கூடாது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் நாற்பது கவுண்ட். பொறுக்க வழியில்லை, பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வலைக்காரர்கள் இறங்கி, ஐஸ் வண்டியும் வந்து நின்றதும் போன் அடித்தது. எதிர்க்கரையில் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

“என்னா மச்சான், வண்டி நிக்குது? சொல்லவே இல்ல.”

“வூட்ல அவுங்களுக்கு ஒரு ஆபரேஷன் மாப்ள. பாத்துக்க ஆள் இல்ல. அதான் புடிக்கிறேன்.”

“குட்டையில ஒண்ணும் இல்லியே?”

“சத்தியமா இல்ல மாப்ள.”

ஐஸ் வண்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு “சரி மச்சான்” என்று வைத்துவிட்டார். அவர் நம்பவில்லை என்று அப்போதே தெரிந்தது. எப்படி நம்புவார்? முந்தைய வருஷம் நான் வண்டி வரவழைத்த அன்றும் இதே கேள்வியைத்தான் கேட்டார். தீனி விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் பிடிக்கிறேன் என்றேன். பொய். என் குட்டையில் வைட் ஸ்பாட் இறங்கியிருந்தது; சாவதற்குள் பிடித்து விற்றுவிடத்தான் வண்டி. வெளியே தெரிந்தால் ஏஜெண்ட் விலையை உடைப்பான் என்று மறைத்தேன். எங்கள் பக்கத்தில் நோயை ஒத்துக்கொண்டவன் ஒருவனும் கிடையாது. அவர் என்னை நம்பிப் பிடிக்காமல் இருந்தார். நாலாம் நாள் அவர் குட்டையில் இறால் செத்து மிதந்தது. அதைப் பற்றி ஒரு நாளும் அவர் என்னிடம் பேசியதில்லை.

மறுநாள் நாங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். அன்று மாலை தங்கை தற்செயலாக போனில் சொன்னாள்: “அவுங்களும் எறா புடிக்க வண்டிக்குச் சொல்லிட்டாங்க.” உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“புடிக்காத மாப்ள. உன் எறாலுக்கு ஒண்ணும் ஆவாது.”

“அட்வான்ஸ் குடுத்துட்டேன் மச்சான். நீ அவுங்கள பாரு.”

மனைவியின் கையில் டிரிப்ஸ் ஏறுவதைப் போட்டோ எடுத்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். டிரிப்ஸ் ஏறுகிற கை யாருடைய கையாகவும் இருக்கலாம். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்தடுத்து இரண்டு குட்டை பிடித்தால் அந்தப் பக்கம் முழுக்க நோய் என்று அர்த்தம். கும்பலோடு கோவிந்தா என்று ஆற்றோரம் மொத்தமும் வலையைப் போட்டது. ரேட் தினமும் இறங்கியது. ஐஸ் விலை ஏறியது, வலைக்காரர்கள் கூலியை ஏற்றினார்கள். கடைசியில் பிடித்தவர்களுக்கு வண்டியே கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஓட்டலில் மட்டும் இறால் வறுவல் விலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் தயிர் சாதம் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு குட்டையிலும் நோய் இல்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளைக்குத் தீனிக்குப் போட்டதுகூட முழுசாகத் திரும்பவில்லை. கடலூருக்கு இரண்டு முறை அலைந்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். பழைய கம்பெனியே கூப்பிட்டுக்கொண்டது. கிளம்பும் நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி மெதுவாக நடந்து வந்து காபி கொடுத்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது. “மன்னிச்சிடு மாப்ள” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது என் போன் அடித்தது. எடுத்தேன். ஏஜெண்ட். “சார், ஏரியாவுல எவன் குட்டையிலும் சரக்கு இல்ல. நாப்பது கவுண்ட் எங்கயாவது இருந்தா சொல்லுங்க, நீங்க சொல்றதுதான் ரேட்டு.” போனை வைத்துவிட்டேன்.

“யாரு மச்சான்?” என்றார் மாப்பிள்ளை.

“லோன் வேணுமான்னு கேக்குறாங்க மாப்ள, வேற வேல இல்ல.”

“எனக்கும் தெனம் வருது” என்று சிரித்தார். இந்த முறை நம்பிவிட்டார்.