ஆர்லனுக்கு இனாமாக வந்த கலன்

என் சலவைக் கடைக்கு மேல்மாடியில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறான் ஆர்லன் சுண்ட்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், வயது அறுபத்தொன்று. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, கோட்டு மாட்ட ஓர் அலமாரி. அந்த அலமாரியில் ஒரு கோட்டும் கிடையாது. அமெரிக்காவின் வட ஓரத்தில், எங்கள் டுலூத் மாதிரி ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் ஊரில், கோட்டையெல்லாம் குளியலறைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, அலமாரியைப் பீர் நொதிக்க விட்டிருக்கிறான். அவன் ஒருவனுக்குத்தான் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் எங்களுடையது, மொத்தம் இருபது பேர், அத்தனை பேர் வீட்டிலும் இதே கூத்துதான். நான் சங்கத்தின் செயலாளர். என் கோட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

ஆனால் சுத்தம் என்றால் ஆர்லன்தான். பஸ் படிக்கட்டைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்ப்பவன். அதனால்தான் பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட், சங்கத்துக்கே பொதுவானது, ஒன்பது வருஷமாக அவன் குளிர்ப்பெட்டியில் வளர்கிறது. கைக்குழந்தைக்குப் பால் ஊற்றுவது போல் வேளை தவறாமல் அதற்கு முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு ஊற்றுவான். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, அவரவர் ஜாடியில் பங்கு போட்டுக் கொடுப்பான். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டான்.

வருஷா வருஷம் ஜூனில் எங்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். ஜெயித்த பீரைத் துறைமுகத் தெரு மதுவிடுதிக்காரர்கள் பெரிய அண்டாவில் காய்ச்சி ஒரு மாதம் விற்பார்கள். கரும்பலகையில் பீரின் பெயருக்குக் கீழே ஆளின் பெயரைச் சாக்கட்டியால் எழுதுவார்கள். பரிசு அவ்வளவுதான். ஆர்லனுக்கு அது வேண்டியிருந்தது. என்னிடமே வாய்விட்டுச் சொன்னான்.

"முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன், லோயிஸ். அதுல பள்ளிக்கூடத்துப் பேருதான் எழுதியிருக்கு. ஒரே ஒரு மாசம் எம் பேரும் ஒரு பலகையில இருந்துட்டுப் போகட்டுமே."

போன வருஷம் ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவனுக்கு அது தவறிப்போயிற்று. ஜெயித்தவன் டேரில் கோஸ்கி. மூன்றாவது தடவையாக ஜெயித்தான். இருவரும் இருபது வருஷச் சிநேகிதர்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள்.

ஆர்லனின் குறை அவன் கையில் இல்லை, பாத்திரத்தில் இருந்தது. நாலு லிட்டர் கண்ணாடிக் குடுவை மூன்று வைத்திருந்தான். மூன்றிலும் மூன்று ருசி வரும். பத்து லிட்டரை ஒரே கலனில் நொதிக்கவிட்டால் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அலமாரியின் அகலம் பதினாறு அங்குலம், அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது. அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் கூட்டங்களில் இதே பேச்சுதான். பெரிய கண்ணாடிக் குடுவை கைநழுவினால் நேரே ஆஸ்பத்திரி என்றார்கள். எஃகு வாளி பாட்டன் காலத்துக்கும் வரும், ஆனால் ஏழு மாதம் பணம் சேர்த்துவைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கூம்பு அடி வைத்தது வசதி, கீழே படியும் கசடைக் குழாய் திறந்து எடுத்துவிடலாம். ஆனால் பிளாஸ்டிக் கீறும்.

ஆர்லன் என்ன செய்தான் தெரியுமா? அட்டைப்பெட்டிகளை வெட்டி மூன்று கலனுக்கும் அதே அளவில் பொம்மை செய்தான். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் அலமாரியில் வைத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்யா" என்றேன்.

"அதான் எனக்குக் கல்யாணமே ஆகல" என்றான்.

கடைசியில் எஃகு வாளி என்று முடிவாயிற்று. இந்த வருஷப் போட்டிக்கு அது வந்து சேராது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவனைத்தான், மார்ச் மாதம் டேரில் வந்து கலைத்தான்.

"எஃகு எதுக்குடா? நான் புதுசு வாங்கிட்டேன். என் பழைய கூம்புக் கலன் சும்மாதான் கிடக்குது. பதினஞ்சரை அங்குலம். உன் அலமாரிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும். தூக்கிட்டுப் போ. ரெண்டு பாட்டில் குடுத்தாப் போதும்."

"எடுத்துக்கோய்யா, முதல்ல" என்று பின்னாலிருந்து தள்ளியவள் நான்தான். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று வேறு கேட்டேன். பார்த்திருக்க வேண்டும். மாடி ஏற்றும்போது ஒரு பக்கம் பிடித்தவளும் நான்தான். கலனின் வயிற்றுப் பகுதியில் சதுரமாகப் பிசின் ஒட்டியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று கொஞ்சம் எண்ணெய் தொட்டு, என் கட்டைவிரல் நகத்தால் சுரண்டித் துடைத்துக் கொடுத்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. சிலர் வேண்டுமென்றே புளிப்பு பீர் செய்வார்கள். அதற்குப் போடும் கிருமி பிளாஸ்டிக் கீறல்களுக்குள் புகுந்துவிட்டால் எந்த மருந்துக்கும் சாகாது, அடுத்து ஊற்றும் பீரையும் வாரக் கணக்கில் மெல்ல மெல்லப் புளிக்க வைக்கும். அதனால் புளிப்பு பீர் தொட்ட பிளாஸ்டிக் எதுவாக இருந்தாலும் சிவப்பு டேப் ஒட்டிவிட வேண்டும். அதில் வேறு பீர் விழவே கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தவனே டேரில்தான். ஆளுக்கொரு சுருள் சிவப்பு டேப்பும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

ஏப்ரலில் ஆர்லன் தன் வெளிர் பீரைக் காய்ச்சினான். பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு வாய் கொடுத்தான். தேன்நிறம், லேசான சோள வாசனை, நாக்கில் நின்று நிதானமாகப் போயிற்று. "இந்த வருஷம் உன் பேருதான்" என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

ஜூனில் நடுவர் மேஜையில் அந்தப் பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்கி மேஜைத் துணியெல்லாம் வழிந்தது. ஒரு நடுவர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார். ஐம்பதுக்குப் பதினேழு. தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'புளித்திருக்கிறது. பாத்திரங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்.' ஆர்லனுக்கு, அந்த வரி! டேரில் அவன் தோளில் தட்டி, "விடுடா, எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்" என்றான். பரிசு டேரிலுக்குப் போயிற்று.

மறுநாள் மேலேயிருந்து ஆர்லன் இறங்கி வந்தான். குழாய், மூடி, கரண்டி எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டானாம்.

"எங் கையிலதான் ஏதோ அழுக்கு, லோயிஸ். இத்தோட விட்டுட்டேன். இந்தக் கலனை நீயே வச்சுக்க. சோப்புத் தண்ணி கரைக்க ஆகும்."

கலனைக் கடை வாசலில் வெயிலில் வைத்துக் கழுவினேன். பழைய பிளாஸ்டிக் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது, நான் பிசின் சுரண்டிய இடம் மட்டும், ரொம்ப நாள் எதுவோ மூடியிருந்த மாதிரி, பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. நல்ல சதுரம். உள்ளே போய் என் சிவப்பு டேப்பை எடுத்துவந்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அகலம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. கழுவுகிற குழாயை அப்படியே ஓடவிட்டுவிட்டு மாடி ஏறினேன்.

ஆர்லன் நம்பவில்லை. "டேரில் அப்படிப்பட்டவன் இல்ல" என்று மூன்று தடவை சொன்னான். பிறகு கீழே வந்து அந்தச் சதுரத்தை ரொம்ப நேரம் பார்த்தான். நான் பிசின் சுரண்டியதைச் சொன்னேன். "நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சே" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த கூட்டம் துறைமுகத் தெரு விடுதியிலேயே நடந்தது. பலகையில் டேரில் கோஸ்கி என்று எழுதியிருந்தது, எல்லார் கையிலும் அவன் பீர். அந்தப் பீருக்குப் போட்ட ஈஸ்ட்டும் ஆர்லன் கொடுத்ததுதான். பீர் காய்ச்சுவதை விட்டவன் ஈஸ்ட்டை விடவில்லை, அது எல்லாருக்கும் சொந்தம் என்று ஜாடியோடு வந்திருந்தான். டேரில் எதிரே போய் உட்கார்ந்தான்.

"அந்தக் கலன்ல புளிப்பு பீர் போட்டிருந்தியா?"

டேரில் சிரித்தான். "எப்பவோ ஒரு தடவை. மூணு முறை கொதிக்கக் கொதிக்கக் கழுவிட்டுத்தான் குடுத்தேன். சும்மா குடுத்ததுக்கு இப்படி ஒரு விசாரணையா?"

"கழுவினே, சரி. டேப்பை ஏன் உரிச்சே?"

டேரில் தன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: "டேப் இருந்தா நீ எடுத்துட்டுப் போயிருக்க மாட்டே."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அவன் வாயாலேயே கேட்டோம். நான் எழுந்து நாலு வார்த்தை கேட்கப் போனேன். ஆர்லன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். பிறகு ஈஸ்ட் ஜாடியைத் திறந்து, எப்போதும் போல எல்லாருக்கும் ஊற்றினான். டேரிலின் ஜாடிக்கும் மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவுதான். மூடியை இறுக்கினான். சட்டைப் பையிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்து, பல்லால் ஒரு துண்டு கடித்து, அந்த ஜாடியில் ஒட்டி அவன் பக்கம் நகர்த்தினான்.

"ஈஸ்ட் சுத்தமாத்தான் இருக்கு. பயப்படாதே" என்றான். "டேப் உனக்கு."

டேரிலின் நகம் தன்னால் டேப்பின் ஓரத்துக்குப் போயிற்று. நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையை எடுத்துக்கொண்டான். ஜாடியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனான்.

என் வண்டியில்தான் ஆர்லனைக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தவன், கடை வாசலில் இறங்கும்போது சொன்னான்.

"அந்தப் பலகை அவனுக்கு அவ்வளவு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லோயிஸ். இந்த வருஷம் நான் போட்டியிலேயே சேர்ந்திருக்க மாட்டேனே."