பிளக் வயரை வலமாகச் செருகிய நாள்

அண்ணன் இரண்டு கார்புரேட்டர்களை என் சாப்பாட்டுத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டிருந்தான். வந்த ஆத்திரத்துக்கு அவற்றைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். அம்மாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா போய் எட்டு மாதம் ஆகியும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தினமும் அவருக்கும் சேர்த்துக் காபி கலந்தாள். ஆறிப்போனதை நான்தான் கொட்டுவேன். ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிட்டாளானால் பிழைத்துக்கொள்வாள் என்று நானும் அண்ணனும் காத்துக்கிடந்தோம்.

அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது போளூர் தாண்டியதும் வாசலில் நிற்கிற இந்தப் பழைய காரின் பின்சீட்டில்தான் உயிர் போயிற்று. அண்ணன்தான் ஓட்டினான். வண்டி ஐம்பதுக்கு மேல் போகவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் வாங்கிய கையோடு மெட்ராஸ் போய் இரட்டைக் கார்புரேட்டரும் பெரிய சைலன்சர் குழாயும் புது பிளக் வயர்களும் வாங்கி வந்தான். அங்கே ஒரு மெக்கானிக், "பார்ட்ஸை நீங்களே மாட்டிக்கிட்டு வாங்க, ட்யூனிங் நான் பண்ணித் தர்றேன்" என்று திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தாராம். செத்தவரை இனி எந்த வேகத்தில் கொண்டுபோய் என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். செங்கம் ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயை முடுக்கிக்கொண்டே, "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அந்த வரிசையில சுத்தி செருகு" என்றான். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வட்டமாக நான்கு ஓட்டைகள். நான் இந்த ஊரில் பிறந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பௌர்ணமிதோறும் மலையை வலமாகச் சுற்றியவள். சுற்று என்றால் என் கைக்கு ஒரு திசைதான் தெரியும். அப்படியே செருகினேன்.

அண்ணன் ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தான். வண்டி நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆயிற்று. பிறகு பானட்டுக்குள்ளிருந்து இருமல் வந்தது. குட்டையாய் இரண்டு, ஒரு இடைவெளி, நெஞ்சைக் கிழித்து இழுக்கிற மூன்றாவது. திரும்பவும் இரண்டு, இடைவெளி, ஒன்று. பதினைந்து வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இருமல். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தான்.

அம்மா மிளகு தட்டிப்போட்ட வெந்நீர் டம்ளரோடு வெளியே வந்தாள். நேராக வண்டியின் பின்கதவுக்குப் போய், கண்ணாடி இறக்கியிருந்த ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இந்தாங்க, சூடா இருக்கு. ஊதிக் குடிங்க."

அண்ணன் சட்டென்று வண்டியை அணைத்தான்.

"ஏன்டா நிறுத்திட்ட? இருமறாரு, கேக்கலை?"

"கார்புரேட்டர் வழியா வெடிக்குதும்மா" என்று இறங்கி வந்து மூடியைப் பார்த்தான். என் பக்கம் திரும்பினான். "இது என்ன கிரிவலமா? இந்த இன்ஜின் இடமா சுத்துதுடீ!"

இரண்டு வயர்களை இடம் மாற்றினான். வண்டி முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆயிற்று, அப்பா காலத்தில் நாங்கள் கேட்டே இராத உறுமலோடு. அம்மா டம்ளரை நீட்டியபடியே நின்றாள். நேரம் ஆக ஆக அவள் கை தாழ்ந்தது.

"மாத்தி வச்சது நீதானே?" என்று என்னிடம் கேட்டாள். "திருப்பி மாத்து. ஒரு தபா."

"வேணாம்மா, தீப்பிடிச்சிக்கும்" என்றான் அண்ணன். அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. அவன் வண்டியை அணைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

அதே இரண்டு வயர்களை, முன்பு தப்பாக வைத்த அதே ஓட்டைகளில் செருகினேன். அண்ணன் செல்ஃப் அடித்தான். இன்ஜின் சுழன்றது, சுழன்றது. ஒரு இருமல் இல்லை, ஒரு செருமல் கூட இல்லை. அண்ணன் இறங்கி வந்து வயர்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். தப்பு தப்பாகவேதான் இருந்தது. பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கும் என்றான். இருக்கலாம். இன்னொரு தடவை அடித்தான். அப்போதும் இன்ஜின் வெறுமனே சுழன்றது.

அம்மா வெந்நீரை மண்ணில் கொட்டிவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"இப்பதான் போனாரு" என்றாள். "தலைக்குத் தண்ணி ஊத்திக்கணும்."

கட்டிய புடவையோடு பின்பக்கம் கிணற்றடிக்குப் போனாள். ராட்டினம் கிறீச்சிட்டது. முதல் வாளி ஊற்றிய சத்தம் கேட்டது, இரண்டாவது கேட்டது. மூன்றாவது வாளியோடு அம்மா அலறி அழும் சத்தம் கேட்டது. நானும் அண்ணனும் ஓடினோம்.